மாநிலம் நீதிமன்றப் படியேறும்போது: கூட்டாட்சி வழக்குகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

எண்ணூரில் காமராசர் துறைமுகமும் அதை அடுத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகமும் ஒரே கரையில் அருகருகே இருக்கின்றன. இரண்டிலும் கப்பல்கள் நிற்கின்றன. இரண்டுக்கும் செல்லும் கண்டெய்னர் லாரிகள் ஒரே சாலைகளில் வரிசை கட்டுகின்றன. ஆனால் முன்னது பெருந்துறைமுகம் என அறிவிக்கப்பட்டிருப்பதால் ஒன்றிய அரசின் அதிகாரத்துக்குள் வருகிறது. பின்னது அவ்வாறு அறிவிக்கப்படாததால் தமிழ்நாடு கடல்சார் வாரியத்தின் கீழ் வருகிறது. தெற்கே ராயபுரத்துக்கு வந்தால், சென்னைத் துறைமுகத்தின் வாயிலுக்கு வெளியே நிற்பது மாநகரக் காவல்துறை, உள்ளே நிற்பது மத்திய தொழிற்பாதுகாப்புப் படை. வடசென்னையில் வாழ்பவர்கள் கூட்டாட்சியின் எல்லைக்கோட்டை இப்படி நாள்தோறும் கடந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

இந்தக் கோட்டை வரைந்தது அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை. பாதுகாப்பு, ரயில்வே, பெருந்துறைமுகங்கள் போன்றவை ஒன்றியப் பட்டியலில் உள்ளன. காவல், பொதுச் சுகாதாரம், வேளாண்மை, நிலம் ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளன. இரு தரப்பும் சட்டம் இயற்றக்கூடிய பொருள்கள் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. அங்கே இரண்டு சட்டங்களும் மோதினால் நாடாளுமன்றத்தின் சட்டமே மேலோங்கும். மாநிலச் சட்டத்தைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பி ஒப்புதல் பெற்றிருந்தால் மட்டும், அந்த மாநில எல்லைக்குள் அது நிலைக்கும். 2017இல் தமிழ்நாடு கொண்டுவந்த ஜல்லிக்கட்டுச் சட்டத்திருத்தம் இந்த வழியில் வந்ததுதான். விலங்கு வதைத் தடுப்பு குறித்த 1960ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டத்தையே மாநிலம் தனக்காகத் திருத்திக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதைச் செல்லும் என்றது.

பட்டியல்கள் எவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருந்தாலும், நடைமுறையில் ஒரே செயல் இரண்டு மூன்று பட்டியல்களைத் தொட்டு நிற்கும். அப்போது எது யாருடையது என்று ஒன்றிய அரசோ மாநில அரசோ தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டால் அது கூட்டாட்சியாக இராது. இரண்டுக்கும் வெளியே நிற்கும் நீதிமன்றம் சொல்ல வேண்டும். ஆகவே ஒரு மாநிலம் தரப்பாக நிற்கும் வழக்குகளைப் படிக்காமல் மாநிலத்தின் அதிகாரத்தை முழுமையாகப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து. அதோடு, அந்த வழக்குகளைத் தீர்ப்பு வந்த நாளோடு படித்து முடித்துவிடவும் கூடாது. தோற்ற வழக்கே பின்னாளில் மாநிலத்தின் கையை வலுப்படுத்தியது உண்டு. வென்ற வழக்கின் பயன் சில மாதங்களில் சுருங்கிப்போனதும் உண்டு.

முதலில், யார் எந்த நீதிமன்றத்துக்குப் போகிறார்கள் என்பதைப் பார்க்கலாம். மாநில அரசின் ஆணையால் பாதிக்கப்பட்ட குடிமக்கள், அரசமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம். பாரிமுனையில் 1892 முதல் செங்கல் கோபுரங்களோடு நிற்கும் நம் உயர் நீதிமன்றத்தில் தமிழ்நாடு அரசு பெரும்பாலும் எதிர்மனுதாரராகத்தான் நிற்கிறது. ஆனால் தமிழ்நாடு கேரளத்தின் மீதோ ஒன்றிய அரசின் மீதோ சட்ட உரிமை குறித்த வழக்குத் தொடுக்க வேண்டுமானால் அதைப் பாரிமுனையில் தாக்கல் செய்ய முடியாது. அரசுகளுக்கு இடையிலான அத்தகைய பூசல்களை முதன்முதலாக விசாரிக்கும் அதிகாரத்தை 131ஆம் பிரிவு உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே தருகிறது. ஆற்றுநீருக்கு இதிலும் ஒரு விலக்கு உண்டு. அதைப் பின்னர் பார்ப்போம்.

குடிமகன் மாநிலத்தை எதிர்த்த வழக்குகளில் தமிழ் வாசகர்கள் அவசியம் அறிய வேண்டியது, சென்னை மாநிலத்துக்கும் செண்பகம் துரைராஜனுக்கும் இடையே நடந்த வழக்கு. 1920களிலேயே இங்கு வேரூன்றிய வகுப்புவாரி உரிமை ஆணை, நாடு விடுதலை அடைந்த பின்னும் மருத்துவ, பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் நடைமுறையில் இருந்தது. ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்கள் என அப்போது குறிப்பிடப்பட்டவர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் இந்தியக் கிறித்தவர்களுக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று அது பங்கிட்டது. 1950 ஜனவரி 26 அன்று அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில், மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பியவர் ஒருவரும் பொறியியல் கல்லூரியில் சேர விரும்பியவர் ஒருவரும், இந்த ஆணை தங்கள் அடிப்படை உரிமையை மீறுகிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். தலைமை நீதிபதி பி. வி. ராஜமன்னார் தலைமையிலான முழு அமர்வு ஆணையைச் செல்லாததாக்கியது. மாநிலம் மேல்முறையீடு செய்தது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் மாநிலத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தார்கள்.

அந்தத் தீர்ப்பின் தருக்கத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அரசு உதவி பெறும் கல்வி நிலையங்களில் மதம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி எவருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 29(2)ஆம் பிரிவு. அரசு வேலைவாய்ப்பைப் பற்றிய 16ஆம் பிரிவிலோ, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு இட ஒதுக்கீடு செய்யலாம் என்று தனியே ஓர் உட்பிரிவு இருந்தது. வேலைக்கு அப்படி எழுதியவர்கள் கல்விக்கு எழுதவில்லை என்றால், அந்த விலக்கு கல்விக்கு இல்லை என்றுதான் பொருள் என நீதிமன்றம் வாசித்தது. நலிந்த பிரிவினரின் கல்வி நலனை அரசு பேண வேண்டும் என்ற 46ஆம் பிரிவை மாநிலம் சுட்டிக்காட்டியபோது, அது வழிகாட்டும் நெறிதான், அடிப்படை உரிமைக்குக் கீழ்ப்பட்டே நிற்க வேண்டும் என்று கூறிவிட்டது. எழுத்தை மட்டும் பார்த்தால் இந்த வாசிப்பில் பிழை காண்பது கடினம். ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பள்ளி வாசலையே மிதிக்க விடப்படாதவர்களின் கணக்கு அந்த எழுத்துக்குள் வரவில்லை.

மாநிலம் தோற்றது. ஆனால் தெருவில் கதை முடியவில்லை. பெரியார் தலைமையில் தமிழ்நாட்டில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. 1951 ஜூன் மாதத்திலேயே அரசமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறி, 15ஆம் பிரிவில் (4) என்ற உட்பிரிவு சேர்ந்தது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்கும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் சிறப்பு ஏற்பாடு செய்ய அது எல்லா மாநிலங்களுக்கும் அதிகாரம் தந்தது. ஒரு மாநிலத்தின் ஆணைக்கு எதிராக வந்த தீர்ப்பு, இரண்டரை மாதங்களுக்குள் நாடு முழுவதற்குமான அதிகாரமாக மாறியது. வியாசர்பாடியிலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் இன்று மருத்துவக் கல்லூரிக்குப் போகும் முதல் தலைமுறை மாணவர்களின் இடத்துக்கு அடியில் இருப்பது அந்த உட்பிரிவுதான்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆணையைச் செல்லாததாக்கிய அதே ராஜமன்னாரைத்தான், 1969இல் மு. கருணாநிதி தலைமையிலான அரசு ஒன்றிய, மாநில உறவுகளை ஆராயும் குழுவுக்குத் தலைவராக நியமித்தது. 1971இல் அவர் அளித்த அறிக்கை மாநில சுயாட்சிக்காக இன்றளவும் எடுத்துக்காட்டப்படுகிறது. நீதிபதியாக மாநிலத்தின் ஆணையை ரத்து செய்வதும், பின்னர் மாநிலத்தின் அதிகாரத்துக்காக வாதாடுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை எனப் பலர் எண்ணலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாநிலத்தின் அதிகாரம் குடிமக்களிடம் எங்கே முடிகிறது என்பது ஒரு கேள்வி. ஒன்றியத்திடம் எங்கே தொடங்குகிறது என்பது வேறொரு கேள்வி.

வரி வழக்குகள் பொதுவாக வறட்சியானவை என்று ஒதுக்கப்படுகின்றன. ஆனால் மாநிலத்தின் உயிர் நிதியில்தான் இருக்கிறது என்பதால் இரண்டைச் சுருக்கமாகவாவது பார்க்க வேண்டும். கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் வீடு கட்டித் தரும்போது, அதில் செலவாகும் சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் மாநிலம் விற்பனை வரி விதிக்கலாமா என்ற கேள்வி கேனன் டங்கர்லி நிறுவனத்தின் வழக்கில் எழுந்தது. கட்டட ஒப்பந்தம் பிரிக்க முடியாத ஒரே ஒப்பந்தம், அதற்குள் பொருள் விற்பனை என்று தனியே ஒன்று இல்லை, ஆகவே மாநிலப் பட்டியலில் உள்ள விற்பனை வரி அதிகாரம் இதைத் தொடாது என 1958இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சென்னை மாநிலம் தோற்றது. 1982இல் வந்த அரசமைப்பின் 46ஆவது திருத்தம் அத்தகைய ஒப்பந்தங்களில் அடங்கிய பொருள்களுக்கும் வரி விதிக்கலாம் என்று வழி திறந்தது. இரண்டாவது, இந்தியா சிமென்ட்ஸ் வழக்கு. கனிமங்களை வெட்டியெடுப்பதற்காகச் செலுத்தப்படும் உரிமைத்தொகையான ராயல்டி ஒரு வரியே, அதன்மேல் மாநிலம் தீர்வை விதிக்க முடியாது என்று 1989இல் ஏழு நீதிபதிகள் தமிழ்நாட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். 35 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதைத் தவறென்று ஒதுக்கி, கனிம வளமுள்ள நிலத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்றது. அதன்பின் தமிழ்நாடு அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. 2017இல் ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலங்களின் வரி அதிகாரத்தில் பெரும்பகுதி போய்விட்ட நிலையில், இப்படி மீண்டு வந்த அதிகாரம் ஒவ்வொன்றும் மதிப்புள்ளது.

அடுத்து, மாநிலம் ஒன்றியத்தை எதிர்த்து நின்ற வழக்குகள். நிலக்கரி உள்ள மாநில நிலங்களை ஒன்றிய அரசு கையகப்படுத்தலாமா என்று மேற்கு வங்கம் 131ஆம் பிரிவின்கீழ் தொடுத்த வழக்கில், 1962இல் பெரும்பான்மை நீதிபதிகள் ஒன்றியத்தின் பக்கமே நின்றார்கள். மாநிலங்களுக்கு இறையாண்மை என்று தனியே ஒன்றில்லை என்ற அவர்களது பார்வையை நீதிபதி கே. சுப்பா ராவ் மட்டும் ஏற்கவில்லை. தனக்கு ஒதுக்கப்பட்ட களத்தில் மாநிலமும் முழு அதிகாரம் உடையது என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

அந்தப் பார்வையின் சாயல் நீதிமன்றத்தின் பெரும்பான்மைக் குரலில் ஒலிக்க 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கர்நாடகத்தில் எஸ். ஆர். பொம்மை அரசு 1989இல் 356ஆம் பிரிவின்கீழ் கலைக்கப்பட்டதை ஒட்டி எழுந்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 1994 மார்ச் 11 அன்று தீர்ப்பளித்தது. ஆட்சிக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்பதை ஆளுநர் மாளிகையில் கணக்கிடக் கூடாது, சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும். கலைப்பை நீதிமன்றம் ஆய்வு செய்யலாம். கூட்டாட்சி, நாடாளுமன்றமும் திருத்தி அழிக்க முடியாத அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்தது என்பவை அதன் சாரம். தமிழ்நாடு இதன் அருமையை அனுபவத்தில் உணர்ந்த மாநிலம். 1976 ஜனவரியில் திமுக அரசும், 1980 பிப்ரவரியில் எம்ஜிஆர் அரசும், 1991 ஜனவரியில் மீண்டும் திமுக அரசும் கலைக்கப்பட்டன. பொம்மை தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் ஓர் அரசுகூட அப்படிக் கலைக்கப்படவில்லை. வேறொரு மாநிலத்தின் முதலமைச்சர் பெயரில் நடந்த வழக்கு நம் வாக்குக்கு இவ்வளவு காவலாக நிற்கிறது.

மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் இடையிலான வழக்குகளில் முல்லைப் பெரியாறு வழக்கு நேரடியானது. திருவிதாங்கூருடன் 1886இல் செய்த 999 ஆண்டுக் குத்தகையின் அடிப்படையில் 1895இல் கட்டி முடிக்கப்பட்ட அணை அது. அணையின் பாதுகாப்பு குறித்த அச்சத்தால் 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. வலுப்படுத்தும் பணிகள் நடந்தபின் 142 அடி வரை தேக்கலாம் என்று 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அடுத்த மாதமே கேரளம் தன் சட்டத்தைத் திருத்தி, 136 அடிக்கு மேல் தேக்கக் கூடாது என்று விதித்தது. தமிழ்நாடு 131ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடுத்தது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் அந்தத் திருத்தத்தைச் செல்லாததாக்கினார்கள். சட்டமன்றம் சட்டத்தை மாற்றலாம். ஆனால் இரு தரப்பையும் கேட்டு நீதிமன்றம் தீர்மானித்துவிட்ட ஓர் உண்மையை, அந்த வழக்கில் தரப்பாக இருந்த ஒரு மாநிலம் தன் சட்டமன்றத்தைக் கொண்டு அழித்துவிட முடியாது என்பதே அதன் அடிப்படை. இது கேரளத்துக்கு மட்டும் சொல்லப்பட்ட பாடமன்று; தமிழ்நாட்டையும் அதே அளவு கட்டுப்படுத்தும்.

காவிரி வேறு வழியில் போனது. மாநிலங்களிடையே ஓடும் ஆற்றின் நீர்ப்பங்கீட்டை நீதிமன்றங்களின் விசாரணைக்கு அப்பால் வைக்க 262ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதன்படி 1956இல் வந்த சட்டம் நடுவர் மன்ற முறையை ஏற்படுத்தியது. 1990இல் அமைந்த காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) என்று பங்கிட்டது. விசாரணைக்கு அப்பாற்பட்டது என்றால் மேல்முறையீடும் கூடாதா என்ற கேள்விக்கு, நடுவர் மன்றத்தின் முடிவைச் சிறப்பு அனுமதியின் பேரில் தான் விசாரிக்கலாம் என 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில், கர்நாடக எல்லையை ஒட்டிய பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட வேண்டிய அளவு 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைந்தது; குறைந்த 14.75 டிஎம்சியில் 4.75 பெங்களூரு நகரின் தேவைக்கும், மீதி 10 தமிழ்நாட்டின் நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டும் கழிக்கப்பட்டன. நமக்கு வலித்த குறைப்பு அது. ஆயினும், மேலாண்மை அமைப்பை ஏற்படுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் அதே தீர்ப்பில் இருந்ததால், 2018இல் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைந்தது. பல ஆண்டுகள் கேட்டும் கிடைக்காத அமைப்பு அது.

வழக்கே இல்லாமல் வந்த நீரும் உண்டு. 1976இல் மகாராட்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் கிருஷ்ணா நீரில் தத்தம் பங்கிலிருந்து 5 டிஎம்சி வீதம் சென்னையின் குடிநீருக்குத் தர இசைந்தன. வழியில் ஆவியாவது போக 12 டிஎம்சி எல்லையில் கிடைக்க வேண்டும் என்பது 1983 ஒப்பந்தம். 1996 முதல் பூண்டிக்கு வந்து புழல் வழியாக வடசென்னையின் குழாய்களுக்கும் சேரும் நீரில் அதன் பங்கு உண்டு. ஒப்புக்கொண்ட அளவு ஆண்டுதோறும் முழுதாக வருவதில்லை என்றாலும், பேசித் தீர்த்துக்கொண்டதற்கு இது ஒரு நல்ல சான்று.

கடலுக்கு வந்தால், காசிமேட்டில் பலரும் பேசும், மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி வலை குறித்த வழக்கு பட்டியல் மோதலைக் கண்முன் காட்டுகிறது. மீன்பிடி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் கரையிலிருந்து 12 கடல் மைல்களுக்கு அப்பால் மீன்பிடி ஒன்றியப் பட்டியலுக்குப் போய்விடுகிறது. 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் தமிழ்நாடு தன் எல்லைக்குள் சுருக்குமடி வலையைத் தடை செய்திருக்கிறது. மாநில எல்லையைத் தாண்டிப்போய் வலை விரிப்பவரைத் தடுக்க மாநிலத்துக்கு என்ன அதிகாரம் என்று படகு உரிமையாளர்கள் கேட்டார்கள். பெரிய வலை குஞ்சு மீனையும் வாரிக்கொண்டு போனால் கரையோரச் சிறு மீனவர் எதைப் பிடிப்பது என்று மறுதரப்பு கேட்டது. 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால ஆணையில், 12 கடல் மைல்களுக்கு அப்பால், பதிவு பெற்ற படகுகள் மட்டும், திங்களும் வியாழனும் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை அந்த வலையைப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்பாடுகளோடு அனுமதித்தது. சட்டத்தில் கோடு 12ஆவது மைலில் விழுகிறது. மீன் கூட்டம் அந்தக் கோட்டை அறியாது. எல்லையை மட்டும் வைத்து இவ்வழக்கைத் தீர்த்தால் சிறு மீனவருக்கு நியாயம் கிடைக்காது என்றே நான் கருதுகிறேன்.

கடைசியாக, மாநிலம் தன் ஆளுநரையே எதிர்த்துச் சென்ற வழக்கு. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா ஆளுநரின் ஒப்புதலையோ, அவர் ஒதுக்கிவைத்தால் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையோ பெற்றால்தான் சட்டமாகும். பல மசோதாக்கள் நீண்ட காலம் நிலுவையில் கிடந்த நிலையில், தமிழ்நாடு அரசு 2023இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. அதன்பின் அந்த நவம்பரில் ஆளுநர் பத்து மசோதாக்களைத் திருப்பினார். சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூட்டி அவற்றை மீண்டும் நிறைவேற்றியது. ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்தார். 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் ஜே. பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு அது சட்டவிரோதம் என்று கூறி, பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றவையாகவே கருதப்படும் என அறிவித்தது; ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் கால வரம்புகளையும் வகுத்தது.

அடுத்த மாதமே குடியரசுத் தலைவர் 143ஆம் பிரிவின்கீழ் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அளித்த கருத்தில், நீதிமன்றம் கால வரம்பு விதிக்க இயலாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதிக்கொள்ளும் முறைக்கும் அரசமைப்பில் இடமில்லை என்று கூறப்பட்டது. ஏப்ரலில் தமிழ்நாடு பெற்ற தீர்ப்பின் இரு தூண்களும், இனி வரும் மசோதாக்களைப் பொறுத்தவரை, இப்படிச் சரிந்தன. ஆனால் அதே கருத்துரை ஆளுநருக்கு மூன்று வழிகள்தாம் உண்டு என்கிறது: ஒப்புதல் தரலாம்; குறிப்புகளோடு சட்டமன்றத்துக்குத் திருப்பலாம்; குடியரசுத் தலைவருக்காக ஒதுக்கிவைக்கலாம். திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்திவைக்கும் நான்காவது வழி கிடையாது. காரணம் சொல்லாமல் நெடுங்காலம் ஒரு மசோதா கிடந்தால், மாநிலம் மீண்டும் நீதிமன்றத்துக்குப் போகலாம். மசோதாவின் நிறைகுறைகளுக்குள் போகாமல், நியாயமான காலத்துக்குள் முடிவெடுக்குமாறு ஆளுநருக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம். எவ்வளவு காலம் கடந்தால் அது நியாயமற்ற தாமதம் என்பதை, அப்படி வரும் ஒவ்வொரு வழக்கிலும் மாநிலங்கள் வாதாடித்தான் நிறுவ வேண்டியிருக்கும்.